அம்பாசடர் வண்டியின் வரலாறு

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்திற்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் மம்சாபுரம். வயலும் தோப்பும் சூழ்ந்த இவ்வூரில் முதியோர் ஒருவரை அணுகி, "உங்கள் இளமைக் காலத்தில் காரை எப்பெயரால் அழைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பிளஷர்" என்று அவர் விடையளிக்கக் கூடும். இன்பமாக உலாவி வருவதற்குரிய வண்டி என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கிய 'பிளஷர் கார்' என்னும் தொடரின் முற்பகுதியே தமிழகத்துச் சிற்றூர்களில் அவ்வாறு நிலைபெற்றது.

பெயர் அவ்வாறு இருப்பினும், சிற்றூர் மக்கள் அவ்வண்டியில் இன்ப உலாச் சென்றது அரிது. பேறுகால வலியுற்ற பெண்ணை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்றால், மணமக்களை ஊர்வலமாக அழைத்து வர வேண்டும் என்றால், தொலைவிலுள்ள மதுரைக்கு விரைந்து போக வேண்டும் என்றால், அப்பொழுதுதான் ஊரார் வாடகைக் காரைத் தேடினர். அவ்வாறு தேடியபொழுது வந்து நின்ற வண்டி பல ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே உருவம் உடையதாக இருந்தது. உருண்ட முகப்பும், வட்டமான இரு விளக்குகளும், குவிந்த கூரையும் உடைய அவ்வண்டியே அம்பாசடர். 'தூதர்' என்பது அப்பெயரின் பொருள்.

1957-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அம்பாசடர் நம் நாட்டில் செய்யப்பட்டு வந்தது. தந்தை ஓட்டிய வண்டியின் உருவத்தையே மகனும் ஓட்டினான், பேரனும் கண்டான். ஒரு வண்டி இத்துணைக் காலம் ஏறத்தாழ மாறாமல் வாழ்ந்தது எங்ஙனம்? அவ்வாறு வாழ்ந்த வண்டி மறைந்தது ஏன்? இவ்விரு வினாக்களையும் ஆராயின், நம் நாட்டுத் தொழில் வளர்ச்சியைப் பற்றிய ஓர் அரிய பாடம் நமக்குக் கிடைக்கும்.

பெட்டிகளில் வந்த வண்டிகள்

நாடு விடுதலை பெறுவதற்கு முன்னர், இந்தியச் சாலைகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் அயல்நாட்டில் செய்யப்பட்டவையே. சில முழு வண்டியாகவே கப்பலில் வந்து இறங்கின. சில உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டு, மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு வந்தன. துறைமுக நகரங்களில் இருந்த கூடங்களில் அவ்வுறுப்புகளைப் பொருத்தி வண்டியாக்கினர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-இல் பம்பாயில் இத்தகைய கூடம் ஒன்றை நிறுவியது. அந்நாட்டின் ஃபோர்டு நிறுவனமும் இங்கு இவ்வாறே தொழில் நடத்தியது.

பொருத்துதல் வேறு, படைத்தல் வேறு. பெட்டியில் வந்த உறுப்புகளைப் பொருத்துவோர்க்குத் திருகாணியை முடுக்கத் தெரிந்தால் போதும். இரும்பை உருக்கி வார்க்கவும், தகட்டை அழுத்தி வளைக்கவும், பற்சக்கரங்களை நுட்பமாக வெட்டவும் தெரிய வேண்டியதில்லை. இத்திறன்கள் இல்லாத நாடு, ஓர் உறுப்பு பழுதுற்றாலும் கப்பலை எதிர்நோக்கியே நிற்க வேண்டும்.

இந்நிலையை மாற்ற விரும்பிய இந்தியத் தொழிலதிபர் சிலர் முன்வந்தனர். பி. எம். பிர்லா 1942-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் தொழிலகம் முதலில் குசராத்துக் கடற்கரையில் உள்ள ஓகா துறைமுகத்தில் இருந்தது. 1948-இல் அது கல்கத்தாவை அடுத்து ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள உத்தரபாராவிற்கு மாற்றப்பட்டது. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் பம்பாயில் நிறுவிய பிரீமியர் நிறுவனம், டாட்ஜ், பிளிமத், டி சோட்டோ ஆகிய அமெரிக்க வண்டிகளைப் பொருத்தி விற்றது. நம் சென்னையும் பின்தங்கிவிடவில்லை. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் தோன்றி, எண்ணூரில் ஆஸ்டின் வண்டிகளைப் பொருத்தத் தொடங்கியது. அதுவே பின்னர்ப் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் பெயர் பெற்ற அசோக் லேலண்டு ஆயிற்று.

1953-இல் தீர்வை ஆணையம் அரசுக்கு ஒரு பரிந்துரை செய்தது. இந்தியாவிலேயே உறுப்புகளைச் செய்ய முற்படும் நிறுவனங்களுக்கு மட்டும் இடமளிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அரசு அதனை ஏற்றது. வெறுமனே பொருத்தும் தொழிலை நடத்திவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அயல்நாட்டுக் கார்களின் வரவும் பெரிதும் தடுக்கப்பட்டது. இவ்வாறு நம் நாட்டுக் கார்த் தொழிலைச் சுற்றி உயர்ந்ததொரு வேலி கட்டப்பட்டது.

அம்பாசடரின் பிறப்பு

இங்கிலாந்து நாட்டில் மாரிஸ் என்னும் பெயருடைய கார்கள் புகழ் பெற்றிருந்தன. அவற்றுள் 'ஆக்ஸ்போர்டு' என்பது ஒரு வகை. இந்துஸ்தான் நிறுவனம் மாரிஸ் வண்டிகளைச் செய்யும் உரிமையைப் பெற்று, ஆக்ஸ்போர்டின் இரண்டாம் வரிசையை 'லேண்டுமாஸ்டர்' என்னும் பெயரில் வெளியிட்டது. பின்னர் மூன்றாம் வரிசையைத் தழுவி 1957-இல் வெளிவந்ததே அம்பாசடர்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டி 1956-இல் இங்கிலாந்தில் தோன்றியது; 1959-இல் அங்குப் புதிய உருவத்திற்கு இடம் கொடுத்து மறைந்தது. பிறந்த நாட்டில் ஏறத்தாழ மூன்றாண்டே வாழ்ந்த உருவம், புகுந்த நாட்டில் அரை நூற்றாண்டைக் கடந்து வாழ்ந்தது.

உத்தரபாராத் தொழிலகத்தில் உலோகத்தை வார்க்கும் பட்டறை, இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பட்டறை, தகடுகளை அழுத்தி உருவாக்கும் பகுதி, கடைசல் பகுதி ஆகிய யாவும் ஒருங்கே அமைந்தன. அங்கு அமைந்த இரயில் நிலையத்திற்கே 'ஹிந்த் மோட்டார்' என்னும் பெயர் உண்டாயிற்று. கப்பலில் வந்த உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்தது. இந்தியர் கையால் ஆன உறுப்புகளின் எண்ணிக்கை பெருகியது. வேலியின் முதற்பயன் இதுவேயாகும்.

வண்டியின் அமைப்பு

அம்பாசடரைச் சிற்றூர் மக்கள் விரும்பியதற்குக் காரணம் அதன் அமைப்பே ஆகும். அதன் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். முன் இருக்கையும் பின் இருக்கையும் பலகை போல் நீண்டு இருந்தன. பற்சக்கர மாற்றுக்கோல், அதாவது கியர்க் கோல், தரையில் இராமல் கைச்சக்கரத்தின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஆதலின் முன் இருக்கையிலும் ஓட்டுநருக்கு அருகில் இருவர் அமர இயன்றது. ஐவருக்கென அமைந்த வண்டியில் எண்மர் ஏறிச் செல்வதும் திருமணக் காலங்களில் காணக்கூடியதே.

வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து உயர்ந்து நின்றது. கரடுமுரடான வண்டிப் பாதையிலும் கல் இடிக்காமல் அது சென்றது. பின்சக்கரங்களின் மேல் இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் அமைந்திருந்தது. நம் நாட்டு வில் வண்டியில் மாடுகள் இழுக்கும்பொழுது அதிர்ச்சியைத் தாங்கும் வில்லும் இவ்வகையினதே. முன்சக்கரங்களுக்கு முறுக்குத் தண்டுகள் இருந்தன. ஈரத் துணியை முறுக்கிக் கையை விட்டால் அது தானே திரும்ப அவிழ்வதைக் கண்டிருப்பீர்கள். சக்கரம் மேட்டில் ஏறும்பொழுது எஃகுத் தண்டு சற்றே முறுகும். இறங்கும்பொழுது தன் நிலைக்கு மீளும். அம்முறையில் அதிர்ச்சி அடங்கும்.

1959-இல் இவ்வண்டிக்கு 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 55 குதிரைத்திறனும் கொண்ட பொறி பொருத்தப்பட்டது. அப்பொறி எளிய அமைப்பினது. மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். சில திறவுகோல்களும் ஒரு திருப்புளியும் உடைய சாலையோரத் தொழிலாளி, அவற்றைக் கொண்டே பெரும்பாலான பழுதுகளை நீக்கினான். வண்டியின் உருவம் மாறாததால், பத்தாண்டுக்கு முன் செய்த வண்டிக்கும் அன்று செய்த உறுப்புப் பொருந்தியது. ஒரு வண்டியைப் பழுது பார்க்கக் கற்றவன் எல்லா வண்டிகளையும் பழுது பார்க்கக் கற்றவன் ஆனான். சிறு நகரங்களில் எத்துணையோ இளைஞர்க்கு அம்பாசடரே தொழிற்பள்ளியாக விளங்கியது.

தலைநகரில் பிரதமரும் அமைச்சரும் அமர்ந்து சென்றதும் இவ்வண்டியே. மாவட்ட ஆட்சித் தலைவர் வந்து இறங்கியதும் இவ்வண்டியே. கல்கத்தாவில் மஞ்சள் வண்ணம் பூசிய வாடகைக் காராக ஓடியதும் இவ்வண்டியே. உயர்ந்தோரும் எளியோரும் ஒரே வகை வண்டியில் செல்லும் காட்சியை இந்நாடு நெடுங்காலம் கண்டது.

கடலுக்கு அப்பால்

அம்பாசடர் பிறந்த அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நிகழ்ந்தது என்பதையும் நோக்குவோம். 1958-இல் அங்குச் செவர்லே நிறுவனம் 'இம்பாலா' என்னும் பெரிய காரை வெளியிட்டது. அதன் நீளம் ஐந்து மீட்டருக்கும் மிகுதி. எட்டு உருளைகள் கொண்ட அதன் பொறிகளுள் சிறியதே 4,600 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. அம்பாசடரின் பொறியைப்போல் மூன்று மடங்கு.

பெரும் அளவினும் வியக்கத்தக்கது அதன் மாற்றமே. அமெரிக்க நிறுவனங்கள் ஆண்டுதோறும் தம் வண்டிகளின் தோற்றத்தை மாற்றின. 1959-ஆம் ஆண்டின் இம்பாலாவில் பின்புறத் தகடுகள் பறவையின் இறக்கைகள் போல் விரிந்திருந்தன. சில ஆண்டுகளில் அவ்விறக்கைகள் மறைந்தன. சென்ற ஆண்டு வாங்கிய வண்டி இவ்வாண்டு பழமையாகத் தோன்ற வேண்டும். தோன்றினால் உரியவர் புதியதை வாங்குவார். வணிகர் கருத்து இதுவே.

ஆண்டுதோறும் உருவத்தை மாற்றுதல் அவர்க்கு எங்ஙனம் இயன்றது? காரின் மேலுடலில் உள்ள ஒவ்வொரு தகட்டையும் வளைப்பதற்குத் தனித்தனியே கனத்த எஃகு அச்சுகள் வேண்டும். தகட்டை அவ்வச்சுகளுக்கு இடையே வைத்துப் பெரும் விசையால் அழுத்தினால், அது கதவாகவோ கூரையாகவோ உருப்பெறும். இவ்வச்சுகளைச் செய்யப் பெரும்பொருள் செலவாகும். 1965-ஆம் ஆண்டு மாதிரியாக மட்டும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இம்பாலாக்கள் விற்பனையாயின. அச்சின் செலவை இத்துணை வண்டிகளுக்கும் பகிர்ந்தால், ஒரு வண்டிக்கு விழும் பங்கு மிகச் சிறிதே. அம்பாசடரின் விற்பனையோ, அது மிக உயர்ந்திருந்த 1980-களின் இடையிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 வண்டிகளே. இஃது இம்பாலாவின் விற்பனையில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. அதே அச்சுக்கு இங்கு ஒவ்வொரு வண்டியும் நாற்பது மடங்கு சுமக்க வேண்டும். ஆதலின் பழைய அச்சையே தேயும் வரையில் பயன்படுத்துவது நம் நாட்டு நிறுவனத்திற்கு ஆதாயமாயிற்று.

அமெரிக்க முறையையும் குறையற்றது எனக் கூறுதல் இயலாது. பயன் குறையாத பொருளைப் பழையது என ஒதுக்கச் செய்தல் வீண் செலவே அன்றோ? 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது, எரிபொருளை மிகுதியாகக் குடித்த பெரிய வண்டிகள் அந்நாட்டார்க்குச் சுமையாயின. பலமுறை உருமாறிய இம்பாலாவும், இடையிடையே நின்று தொடர்ந்து, 2020-இல் முடிவுற்றது.

வேலியும் நாற்றும்

உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய உங்களிற் பலர்க்கு நாற்றங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெல் விதையைச் சிறு பாத்தியில் நெருக்கமாக விதைத்து, ஆடு மாடு மேயாமல் காத்து, நீர் அளவாகப் பாய்ச்சி வளர்க்கிறோம். அக்காவல் இல்லையேல் நாற்று இல்லை. ஆயினும் உரிய நாளில் அதனைப் பிடுங்கி வயலில் நட்டாக வேண்டும். நாள் கடந்து நாற்றங்காலிலேயே முற்றிய நாற்று, நட்ட பின்னர்ச் செழித்துத் தூர் கட்டாது, விளைச்சலும் குன்றும்.

அம்பாசடரின் வரலாறும் இத்தகையதே. 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டத்தின்படி, ஒரு தொழிலகம் எத்துணைப் பொருள்களைச் செய்யலாம் என்பதையும் அரசின் உரிமமே வரையறுத்தது. நெடுங்காலம் இந்நாட்டில் கார் செய்தவை மூன்று நிறுவனங்களே: கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. காரை விரும்பியோர் பலர்; கிடைத்த வண்டிகளோ சில. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை உண்டாயிற்று. செய்ததெல்லாம் விற்பனையாகும்பொழுது, மேலும் நன்றாகச் செய்ய வேண்டும் என்னும் முனைப்பு குறைவது இயல்பே.

ஆகவே மாற்றங்கள் சிறியனவாகவே அமைந்தன. 1963-இல் இரண்டாம் வடிவமும், 1975-இல் மூன்றாம் வடிவமும், 1979-இல் நான்காம் வடிவமும் வெளிவந்தன. பெரும்பாலும் முகப்பின் கம்பித்தட்டும் விளக்குகளும் உட்புறமும் மாறின, உடல் மாறவில்லை. அக்காலத்தில் டீசல் பொறி பொருத்திய அம்பாசடரும் வெளிவந்தது. குறைந்த செலவில் ஓடிய அது வாடகைக் கார் உரிமையாளர்க்குப் பெரிதும் உதவிற்று.

வேலியைத் தாண்டிய காற்று

1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் மாருதி 800 என்னும் சிறிய கார் வெளிவந்தது. அரசின் நிறுவனமும் சப்பான் நாட்டுச் சுசுகி நிறுவனமும் இணைந்து அதனைச் செய்தன. அதன் பொறி 796 கன சென்டிமீட்டர் அளவே உடையது. ஆயினும் அது குறைந்த எரிபொருளில் விரைந்து ஓடியது. ஓட்டுவதற்கும் எளிதாக இருந்தது. மக்கள் அதனை நாடினர். தம் வண்டியைப் பிற வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அப்பொழுதுதான் இந்தியர்க்குப் பரவலாகக் கிட்டியது.

1993-இல் கார்த் தொழிலுக்கு உரிமம் வேண்டியதில்லை என அரசு அறிவித்தது. அயல்நாட்டு நிறுவனங்கள் மீண்டும் வந்தன. அவற்றுட் சில நம் தமிழகத்தையே தேர்ந்தெடுத்தன. ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகரிலும், கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையிலும் பெரிய தொழிலகங்களை அமைத்தன. இந்துஸ்தான் நிறுவனமும் வாளா இருக்கவில்லை. 1990-களில் சப்பானிய இசுசு பொறியை அம்பாசடரில் பொருத்தியது. 1998-இல் திருவள்ளூரில் ஒரு தொழிலகம் தொடங்கி, மிட்சுபிஷி நிறுவனத்தின் காரைச் செய்தது. ஆயினும் பழைய உடலில் புதிய பொறியைப் பொருத்தியதனால் மட்டும் அம்பாசடரின் இளமை மீளவில்லை.

விற்பனை தேய்ந்தது. புகை மாசைக் குறைக்க அரசு வகுத்த கடுமையான விதிகளும் பழைய வண்டிக்கு இடர் விளைத்தன. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு முடிந்த ஓராண்டில் ஏறத்தாழ 2,200 அம்பாசடர்களே விற்றன. அதே ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் உத்தரபாராத் தொழிலகத்தில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 தொழிலாளர்களின் வாழ்வு அத்தொழிலகத்தைச் சார்ந்து இருந்தது. இளமை முதல் ஒரே வண்டியைச் செய்து கைதேர்ந்த அவர்கள், அக்கைத்திறனை விலை கொடுத்து வாங்குவார் இன்றி வெளியே நின்றனர். 2017-இல் அம்பாசடர் என்னும் பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சு நாட்டுப் பியூஜோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

வேலி கட்டியது தவறு என்று கூறுதல் நேர்மை ஆகாது. அவ்வேலி இல்லையேல், வார்க்கவும் வளைக்கவும் கடையவும் கற்ற தொழிலாளர் பலரை நாம் பெற்றிருக்க இயலாது. வேலியை உரிய காலத்தில் அகற்றாததும், அதன் நிழலில் வாழ்ந்தோர் கற்பதை நிறுத்தியதுமே குறையாகும். அம்பாசடரை நெடுங்காலம் வாழ்வித்ததும் அவ்வேலியே. அதன் வலிமையைக் குன்றச் செய்ததும் அதுவே.

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூர நாளில் ஆண்டாளின் தேர் வலம் வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். முன்னோர் இழுத்த தேரை நாமும் இழுக்கிறோம் என்பதே அதன் பெருமை. பழமையே தேருக்கு அழகு. ஆனால் பொறி அத்தகையது அன்று. அது மக்களின் தேவைக்கெனச் செய்யப்பட்ட கருவி. தேவை மாறுந்தோறும் அதுவும் திருந்த வேண்டும்.

மாணவர்களே! இன்றும் ஆங்காங்கே ஓர் அம்பாசடர், மாலை சூடி, மணமக்களை ஏற்றிக்கொண்டு மெல்லச் செல்வதைக் காணலாம். அதனைக் கண்டால், பழையதென்று நகையாதீர்கள். கார் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாடு முயன்றதன் நினைவுச் சின்னம் அது. நள்ளிரவில் நோயாளியைச் சுமந்து ஓடிய நன்றிக்குரிய வண்டியும் அதுவே. நன்றியோடு அதனை வழியனுப்பிய பின்னர், உங்களை நீங்களே ஒரு வினாக் கேட்டுக்கொள்ளுங்கள்: "நேற்றுக் கற்றது போதும் என்று நான் எங்கேனும் நின்றுவிட்டேனா?" இவ்வினாவை மறவாத மாணவனின் கல்வியும், மறவாத நாட்டின் தொழிலும் என்றும் தளரா.